பழைய வீடியோ கேசட்டுகளை டிஸ்கில் ஏற்ற எந்த டிவிடி ரெக்கார்டர் வாங்கலாம்?

#1 வெண்பனி

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு அலமாரியில் 43 விஎச்எஸ் கேசட்டுகள் இருக்கின்றன. கையடக்கக் கேமராவில் போடுகிற சின்ன விஎச்எஸ்-சி கேசட்டுகள் தனியாக 9. எல்லாம் அப்பா எடுத்தவை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பார் என்பதால் அவர் முகம் படத்தில் அபூர்வம். ஆனால் குரல் எல்லாக் கேசட்டிலும் உண்டு. அவர் மறைந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அந்தக் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார்.

அம்மாவுக்குப் பழகியது டிவிடி பிளேயரும் அதன் ரிமோட்டும்தான். கம்ப்யூட்டர், பென் டிரைவ் என்றால் ஒதுங்கிவிடுவார். அதனால் டிஸ்காகவே கொடுக்க நினைக்கிறேன்.

ஓடுகிற நிலையில் ஒரு கேசட் பிளேயர் கையில் இருக்கிறது. டிவிடி ரெக்கார்டர் தேடினால் மூன்று வகை கண்ணில் படுகிறது: டிஸ்க் மட்டும் போடுவது, கேசட்டும் டிஸ்கும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ, உள்ளே ஹார்டு டிஸ்க் இருப்பது. காம்போவில் ஒரே பட்டனை அழுத்தினால் போதும் என்று போட்டிருக்கிறார்கள், அதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. டிஸ்கிலும் பிளஸ், மைனஸ், ரேம் என்று குழப்புகிறார்கள். எதை எடுப்பது?

#2 நாடாக்காரர்

வெண்பனி, காம்போவை வாங்காதீர்கள். ஹார்டு டிஸ்க் உள்ளதைத் தேடிப் பிடியுங்கள். பல வருடமாகச் சொந்தக்காரர்கள், நண்பர்கள் கேசட்டுகளை மாற்றிக் கொடுத்து வருகிறேன். இரண்டு வகையிலும் வேலை செய்து பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

காம்போவின் ஒரு பட்டன் வசதி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக் கேசட் ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்காது. பத்து நிமிடம் எடுத்து நிறுத்தியிருப்பார்கள், மறுபடி தொடங்கும்போது கொஞ்சம் தள்ளித் தொடங்கியிருப்பார்கள். நடுவில் எதுவும் பதியாத இடம் வரும். பல காம்போக்கள் அந்த இடத்தைப் பார்த்ததும் கேசட் முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். மிச்சப் பகுதி டிஸ்கில் ஏறாது. நேராக டிஸ்கில் எழுதுவதால், தவறு நடந்தால் அந்த டிஸ்க் வீண். அதைவிட, காம்போவில் கேசட் பாகம் பழுதானால் வேறொன்றை மாற்றி வைக்க முடியாது. தனிப் பிளேயர் என்றால் கேசட்டுக்குக் கேசட் மாற்றிப் பார்க்கலாம். ஒரு பிளேயரில் கோடு கோடாக ஓடும் கேசட் இன்னொன்றில் தெளிவாக ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஹார்டு டிஸ்க் இருந்தால் கேசட் முழுவதையும் முதலில் உள்ளே இறக்கிவிடலாம். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து வேண்டாத இடத்தை வெட்டி, தலைப்புக் கொடுத்து, டிஸ்குக்கு அனுப்பலாம். தப்பாக வெட்டினாலும் கேசட்டை மறுபடி ஓட்டினால் போதும், டிஸ்க் வீணாகாது. இரண்டு பிரதி, மூன்று பிரதி எடுக்கும்போதும் கேசட்டைத் தொட வேண்டியதில்லை. பழைய கேசட் எத்தனை முறை ஓடுகிறதோ அத்தனைக்கும் தேயும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளே பாருங்கள். அமைப்புகளுக்குள் அதிவேக நகலுக்கு ஏற்றபடி பதிவு செய்யட்டுமா என்று ஒரு தேர்வு இருக்கும். பானாசோனிக்கில் ஒரு பெயர், பயோனியரில் வேறு பெயர். பதிவைத் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். போட்டிருந்தால் ஒரு முழு டிஸ்க் 4 எக்ஸ் வேகத்தில் சுமார் 15 நிமிடத்தில் ஏறிவிடும். விட்டுவிட்டால், சாதாரண பிளேயரில் ஓடும் டிஸ்காக எழுதும்போது இரண்டு மணி நேரப் பதிவுக்கு இரண்டு மணி நேரமே ஆகும். அதோடு படத்தைப் பிரித்து மறுபடி சுருக்குவதால் தரமும் ஒரு படி இறங்கும்.

#3 துளிர்

மன்னிக்கவும், நான் வேறு பக்கம் இருந்து பேசுகிறேன். இந்தக் காலத்தில் டிவிடி ரெக்கார்டரே எதற்கு? கேசட் பிளேயரிலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை யுஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி ஒன்றுக்குக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் கோப்பாகவே பதிந்துவிடும். பிறகு அதிலிருந்து எத்தனை டிஸ்க் வேண்டுமானாலும் எழுதலாம். விஎச்எஸ் கேசட் பிளேயரைக் கடைசிவரை தயாரித்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. டிவிடி ரெக்கார்டர்களும் கிட்டத்தட்ட அதே நிலைதான். பழுதானால் பாகம் கிடைக்காத பொருளில் பணம் போடுவது சரியா?

#4 நாடாக்காரர்

துளிர் எழுதியது: இந்தக் காலத்தில் டிவிடி ரெக்கார்டரே எதற்கு?

நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் வழி பழகியவருக்கு அது நல்ல வழி. ஆனால் அந்தச் சின்னக் கருவிகளில் எனக்குப் பட்ட அனுபவம் இது: கேசட் சுத்தமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, கொஞ்சம் ஆடத் தொடங்கியதும் ஃபிரேம்களை விட்டுவிடுகிறது. அரை மணி நேரம் போனதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டிவிடி ரெக்கார்டர் இந்த ஒரு வேலைக்கென்றே செய்த பெட்டி. சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெண்பனிக்கு முக்கியம் குரல், அதனால்தான் அந்த வழியைச் சொன்னேன்.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, சந்தேகமே இல்லை. யாரிடமாவது மினி டிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட் இருந்தால் அதை டிவிடி ரெக்கார்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் பதிந்திருப்பதே டிஜிட்டல். ஃபயர்வயர் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அப்படியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும், தரம் துளியும் குறையாது. ரெக்கார்டரின் டிவி (DV) இன்புட்டில் கொடுத்தால் எம்பெக்-2 ஆக மாற்றிச் சுருக்கிவிடும்.

#5 மணல்வீடு

பழைய பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ரெக்கார்டரை மின்சாரத்தில் செருகி, முழுதாகத் தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். முகப்பில் எழுத்து மங்கி மங்கி வருவது, தொடங்கித் தொடங்கி அணைவது இரண்டும் பெரும்பாலும் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் உப்பியிருப்பதன் அடையாளம். 2000-களின் நடுவில் வந்த பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மாற்றக்கூடியதுதான். ஆனால் பவர் சப்ளையில் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

அடுத்தது லென்ஸ். கடையில் வாங்கிய பட டிஸ்க் ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். படிப்பதற்கு வேண்டிய லேசர் பலம் வேறு, எழுதுவதற்கு வேண்டியது வேறு. கையோடு ஒரு வெற்று டிஸ்க் எடுத்துப் போய் ஐந்து நிமிடம் பதிந்து, ஃபைனலைஸ் செய்து (பதிவை மூடி), இன்னொரு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க் சத்தம்: காதை மூடியருகே வைத்தால் மெல்லிய சுழலும் ஓசைதான் கேட்க வேண்டும். டக், டக் என்று சீராகத் தட்டினால் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகிப் படத்தை எடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பல நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு முறையில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொள்ளாமல் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் உள்ளதும் போகும்.

ரிமோட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெட்டுவது, தலைப்புக் கொடுப்பது, ஃபைனலைஸ் எல்லாம் ரிமோட்டில்தான். முகப்பில் அந்தப் பட்டன்களே இருக்காது.

#6 வெண்பனி

எல்லோருக்கும் நன்றி. மணல்வீடு சொன்னபடி வெற்று டிஸ்கோடு போய்ச் சோதித்து, 160 ஜிபி ஹார்டு டிஸ்க் உள்ள ரெக்கார்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். ரிமோட்டும் இருக்கிறது. பதிவுத் தரம் என்று எக்ஸ்பி, எஸ்பி, எல்பி, ஈபி எனப் போட்டிருக்கிறது. எதில் வைப்பது? எந்த டிஸ்க் வாங்குவது?

#7 பழைய ரிமோட்

டிஸ்க் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவன்.

என் தங்கை பள்ளி மேடையில் ஆடியது ஒரு கேசட்டில் இருந்தது. மைனஸ் ஆர் டிஸ்கில் நேராகப் பதிந்தேன், ரெக்கார்டரிலேயே ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. அதை எடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அவள் பிளேயரில் போட்டால் வெற்று டிஸ்க் என்கிறது. ஃபைனலைஸ் செய்யவில்லை. இதற்குள் ரெக்கார்டரை நான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தேன், அவர் கையில் அது பழுதாகிவிட்டது. கேசட்டும் வீடு மாறும்போது தொலைந்தது. கடைசியில் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்கைப் படிக்க வைத்தேன். படம் கிடைத்தது. கிடைக்கும்வரை மூன்று நாள் தூக்கமே இல்லை.

ஃபைனலைஸ் என்பது டிஸ்கின் உள்ளடக்கப் பட்டியலை எழுதி, பதிவை மூடும் வேலை. அது நடந்தால்தான் மற்றப் பிளேயர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் டிஸ்கே கெட்டுப்போகலாம், அதனால் மின்தடை வரக்கூடிய நேரத்தில் செய்யாதீர்கள்.

வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால், அம்மாவுக்குக் கொடுக்க மைனஸ் ஆர் அல்லது பிளஸ் ஆர், உங்கள் ரெக்கார்டர் ஏற்பது எதுவோ அது. ஒருமுறைதான் எழுதலாம், ஆனால் பழைய பிளேயர்களுக்கும் ஒத்துப்போகும். ஆர்டபிள்யூ சுமார் ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்பார்கள், சோதனைக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் ஆர்டபிள்யூவை விஆர் முறையில் தயார் செய்தால் டிஸ்கிலேயே வெட்டலாம், ஒட்டலாம், ஆனால் அம்மாவின் பிளேயர் அதைப் படிக்காமல் போகலாம். டிவிடி ரேம் லட்சம் முறை எழுதத் தாங்கும் என்று சொல்லப்படும் நல்ல சரக்கு, ஆனால் சாதாரண பிளேயர்கள் அதைச் சீண்டுவதில்லை. உங்களிடம் ஹார்டு டிஸ்க் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

மேலே காகித லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள். நான் அழகாக அச்சடித்து ஒட்டினேன். ஒரு வருடத்தில் ஓரம் சுருண்டு, டிஸ்க் சுற்றும்போது எடை ஒரு பக்கம் இழுத்து, படம் நின்று நின்று ஓடியது. டிஸ்குக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் நடுவளையத்தை ஒட்டிச் சின்னதாக எழுதினால் போதும்.

#8 துளிர்

தரம் பற்றி: எக்ஸ்பியில் வையுங்கள். ஒரு டிஸ்குக்கு ஒரு மணி நேரம். கேசட் இனி எத்தனை நாள் ஓடுமோ தெரியாது. எடுக்கும்போதே உச்சத் தரத்தில் எடுப்பதுதான் நல்லது.

#9 நாடாக்காரர்

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். விஎச்எஸ் நாடாவில் படுக்கைவாட்டுத் தெளிவு ஏறத்தாழ 240 கோடு. டிவிடியின் முழு அளவான 720-க்கு 576 அதைவிட எங்கேயோ மேலே. நல்ல கேசட்டை எஸ்பியில், அதாவது டிஸ்குக்கு 2 மணி நேரம், நொடிக்குச் சுமார் 5 மெகாபிட்டில் எடுத்தாலே நாடாவில் இருப்பது கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடும். எல்பியில் அதில் பாதிதான் கிடைக்கும், பல மாடல்கள் படத்தின் அகலத்தையும் 352-ஆகக் குறைத்துவிடும். ஈபியைத் தொடவே வேண்டாம், ஓடுகிற குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

ஆனால் துளிர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. புள்ளிகள் கொதிக்கிற மாதிரி இரைச்சல் நிறைந்த கேசட் என்றால் எஸ்பி போதாது. எம்பெக் சுருக்கம் அசைவைக் கணக்கிட்டு நடக்கிறது. இரைச்சலில் ஒவ்வொரு புள்ளியும் அசைவதால் இருக்கும் பிட் எல்லாம் அதற்கே செலவாகி, முகத்துக்கு மிஞ்சாது. அந்தக் கேசட்டை எக்ஸ்பியில் எடுங்கள். நடுவில், ஒன்றரை மணி நேரக் கேசட்டுக்கு எஃப்ஆர் என்ற தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிஸ்கில் சரியாக நிரம்பும்படி தரத்தை அதுவே கூட்டிக் குறைக்கும். ஹார்டு டிஸ்கில் இடம் பற்றிக் கவலை வேண்டாம். 160 ஜிபியில் எஸ்பியில் சுமார் 68 மணி நேரம் கொள்ளும்.

#10 துளிர்

சரி, ஏற்றுக்கொள்கிறேன். இரைச்சல் உள்ளவை எக்ஸ்பி, மற்றவை எஸ்பி. நான் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

#11 இரவுப்பறவை

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இதே மாதிரி ரெக்கார்டர் இருக்கிறது. டிவி நிகழ்ச்சியைப் பதியலாம் என்று பார்த்தால் சேனலே பிடிக்கவில்லை. பழுதா?

#12 மணல்வீடு

பழுது இல்லை. அந்தக் காலப் பெட்டியில் அனலாக் டியூனர்தான் இருக்கும். பல நாடுகளில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், அமெரிக்காவில் 2009-லேயே, பிரிட்டனில் 2012-ல். செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வெளியீடு இருந்தால் அதை ரெக்கார்டரின் லைன் இன்புட்டில் செருகுங்கள். எச்டிஎம்ஐ ஒயரை மட்டும் நம்ப முடியாது, ரெக்கார்டரில் எச்டிஎம்ஐ இருந்தாலும் அது வெளியே போகிற வழி. டைமர் வைத்தால் செட்டாப் பாக்ஸையும் அதே சேனலில் ஓடவிட்டுப் போக வேண்டும். அகலத்திரைப் படம் ஒல்லியாகத் தெரிந்தால் செட்டாப் பாக்ஸின் அமைப்பில் திரை விகிதத்தை மாற்றிப் பாருங்கள். சில நிகழ்ச்சிகளில் பதியக்கூடாது என்ற குறியீடு வரும், அவற்றை ரெக்கார்டர் ஏற்காது.

#13 வெண்பனி

முதல் நான்கு கேசட் நன்றாக வந்தது. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் ஓடியதும் பதிவு நின்று, இது நகல் தடை செய்யப்பட்டது என்று திரையில் வருகிறது. அப்பா எங்கள் வீட்டு முற்றத்தில் எடுத்தது அது! யார் தடை செய்வார்கள்?

இன்னொன்றில் படத்தின் மேல்பகுதி கொடி மாதிரி ஒரு பக்கமாக வளைகிறது. கடைசியாக ஒரு கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு படிந்த மாதிரி தெரிகிறது. அதைப் போடலாமா?

#14 மணல்வீடு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். அது பூஞ்சை. பிளேயருக்குள் போனால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதை ஒரு பையில் தனியாக மூடி வையுங்கள். அதற்கென்று ஒதுக்கிய ஒரு பழைய பிளேயரில், வாய்மூடி அணிந்து, நாடாவைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர் கையில் கொடுப்பது நல்லது.

நகல் தடை: கடையில் விற்ற படக் கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்று ஒன்று இருக்கும். படத்துக்கு மேலே, டிவியில் தெரியாத கோடுகளில் வேண்டுமென்றே துள்ளும் சிக்னலை வைத்திருப்பார்கள். ரெக்கார்டர் அதைக் கண்டால் நின்றுவிடும். உங்கள் கேசட்டில் அது கிடையாது. நாடா தேய்ந்து அதே கோடுகளில் சிக்னல் துள்ளுவதை ரெக்கார்டர் தடை என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. முதலில் கேசட்டைக் கடைசிவரை ஓட்டி, மறுபடி முழுதாகச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருந்த நாடாவின் இறுக்கம் ஒரு சீராகும். பிளேயரின் டிராக்கிங்கை, அதாவது நாடாவின் தடத்தோடு ஹெட்டைப் பொருத்தும் அமைப்பை, தானியங்கியிலிருந்து எடுத்துக் கையால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள். பாதிக்கு மேல் அங்கேயே சரியாகும். அப்படியும் நின்றால் வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

மேல்பகுதி வளைவது: கோடு ஒவ்வொன்றும் தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்கவில்லை என்று அர்த்தம். டைம் பேஸ் கரெக்டர் (அந்த நேரத்தைச் சீர்செய்யும் பகுதி) உள்ள பிளேயர் இருந்தால் அடங்கிவிடும். அது கிடைக்காதவர்கள் பானாசோனிக் டிஎம்ஆர் இஎஸ்10, இஎஸ்15 என்ற பழைய ரெக்கார்டர்களைப் பதிய அல்ல, நடுவில் வைத்துச் சிக்னலைக் கடத்த மட்டும் பயன்படுத்துவார்கள். கேசட் பிளேயரிலிருந்து அதற்குள், அதிலிருந்து உங்கள் ரெக்கார்டருக்கு. வளைவு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

இன்னொன்று. குரல் முக்கியம் என்றீர்கள். விஎச்எஸ்ஸில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று நாடாவின் ஓரத்தில் நேர்கோடாக ஓடும் சாதாரண தடம், இன்னொன்று படத்தோடு சேர்ந்து பதியும் ஹை-ஃபை. ஹை-ஃபையில் பர்ர் என்று அதிர்ந்தால் பிளேயரின் ஒலித் தேர்வை நார்மலுக்கு மாற்றுங்கள். மந்தமாகக் கேட்டாலும் சொல் தெளிவாக இருக்கும். ஓரம் கசங்கிய கேசட்டில் ஹை-ஃபை இருந்தால் ஒலித் தேர்வை ஹை-ஃபைக்கு மாற்றிக் கேளுங்கள்.

#15 நாடாக்காரர்

மணல்வீடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு கேசட்டையும் பிளேயரில் போடும் முன் முதுகுப் பக்க இடது மூலையில் சின்னப் பிளாஸ்டிக் தாழ் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அதை உடைத்துவிடுங்கள். அது உடைந்த கேசட்டில் மேலே எதையும் பதிய முடியாது. பிளேயரில் தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அப்பா பத்திரம். சின்ன கேசட்டில் உடைப்பதற்குப் பதில் நகர்த்துகிற தாழும் இருக்கும்.

அந்தச் சின்ன 9 கேசட்டுக்கும் தனிப் பிளேயர் தேட வேண்டாம். பெரிய கேசட் வடிவில் ஒரு அடாப்டர் கிடைக்கும், அதற்குள் போட்டு உங்கள் பிளேயரிலேயே ஓட்டலாம். பல அடாப்டர்கள் ஒரு பென்சில் பேட்டரியில் ஓடுபவை. பேட்டரி தீர்ந்து நாடா பாதியில் தொங்கும்போது இழுக்காதீர்கள், புதுப் பேட்டரி போட்டால் அதுவே உள்ளே சுற்றிக்கொள்ளும்.

டிஸ்க் எழுதி முடித்ததும் தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படும், கோளாறு வருவது அதிகமும் வெளி ஓரத்தில்தான். கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்த பிறகே ஹார்டு டிஸ்கிலிருந்து அழியுங்கள்.

#16 துளிர்

எனக்கும் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு டிஸ்க் சரி. ஆனால் டிஸ்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். நல்ல டிஸ்க் செய்தவர்கள் என்று பலர் தேடிய தையோ யூடென் 2015-க்குப் பிறகு இந்தத் தொழிலிலேயே இல்லை. ஃபைனலைஸ் செய்த ஒவ்வொரு டிஸ்கையும் கம்ப்யூட்டரில் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக (முழு டிஸ்கும் அப்படியே ஒரே கோப்பில்) நகல் எடுத்து இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒரு டிஸ்க் அதிகம் போனால் 4.7 ஜிபி, உங்கள் 52 கேசட்டுக்கும் சேர்த்து இன்றைய ஹார்டு டிஸ்கில் ஒரு மூலைதான். மறுபடி சுருக்கி எம்பி4 ஆக்குவது பின்னால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் படிப்படியாக நானே எழுதித் தருகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள்.

#17 வெண்பனி

துளிர், அனுப்பியிருக்கிறேன், நன்றி.

ஐந்தாவது கேசட் முழுதாகச் சுற்றி, டிராக்கிங்கைக் கையால் நகர்த்தியதும் நிற்காமல் ஓடியது. இதுவரை 11 கேசட்டை ஹார்டு டிஸ்கில் இறக்கிவிட்டேன். ஆனால் இன்று சொல்ல வந்தது வேறு.

நாடாக்காரர் சொன்னபடி வேண்டாத இடங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது கேசட்டில் ஒரு இடத்தில் படம் சட்டென்று கறுப்பாகிவிட்டது. வெட்டலாம் என்று தொடக்கத்தைக் குறித்துவிட்டு, முடிவைக் குறிக்க வேகமாக ஓட்டினேன். ஆறு நிமிடம் கறுப்பு. வேகமாக ஓட்டும்போது ஒலி வருவதில்லை. ஏனோ ஒருமுறை சாதாரண வேகத்தில் விட்டேன்.

அப்பா லென்ஸ் மூடியைப் போட்டிருக்கிறார், கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார். கேமரா மேசை மேல் இருந்திருக்க வேண்டும், வைக்கும் சத்தம் கேட்கிறது. நாற்காலி இழுபடுகிறது. அப்புறம் அம்மாவும் அவரும் பேசுகிறார்கள். கேமரா முன்னால் பேசுகிற குரல் இல்லை அது, வீட்டில் பேசுகிற குரல். நாளைக்கு யார் என்னைப் பள்ளியில் கொண்டுவிடுவது என்று பேசுகிறார்கள். நடுவில் அவர் ஏதோ சொல்ல, அம்மா சிரிக்கிறார்.

வெட்டு என்ற பட்டன் மேல்தான் விரல் இருந்தது. ஏற்கெனவே வெட்டி முடித்த ஆறு கேசட்டில் இப்படி எதையாவது வெட்டிவிட்டேனா என்று இப்போது பதறுகிறேன்.

#18 நாடாக்காரர்

வெண்பனி, பதற வேண்டாம். கேசட்டுகள் அப்படியே இருக்கின்றன அல்லவா? முதல் ஆறையும் மறுபடி ஹார்டு டிஸ்கில் இறக்குங்கள், இந்த முறை எதையும் வெட்டாமல். கறுப்பு, நீலம், மேசை மட்டும் தெரிகிற இடம் எல்லாம் இருக்கட்டும். வெட்டச் சொன்னது நான்தான், அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். இனி இங்கே கேட்பவர்களுக்கும் சாதாரண வேகத்தில் கேட்காமல் வெட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த ஆறு நிமிடத்துக்கு ஒரு சாப்டர் குறி வையுங்கள். தானாக விழும் ஐந்து நிமிடக் குறியை அணைத்துவிட்டு, கறுப்பு தொடங்கும் இடத்தில் ரிமோட்டால் நீங்களே குறியிடுங்கள். மைனஸ் ஆரில் குறி அரை நொடி முன்பின் விழலாம், அதனால் நாற்காலிச் சத்தத்துக்கு ஒரு நொடி முன்பே வைத்துவிடுங்கள். அம்மா அடுத்தது என்ற பட்டனை அழுத்தினால் நேராக அங்கே போய் நிற்கும்.

#19 வெண்பனி

வைத்துவிட்டேன். மூன்றாவது சாப்டர். ரிமோட்டில் அந்தப் பட்டன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன், இரண்டு முறை அழுத்தினால் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது முதல் கேசட் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது.